அஸ்கோவ் பள்ளியின் காற்றாலை: டென்மார்க்கு நாட்டு வரலாற்றில் ஓர் ஏடு

தமிழகத் திருச்சபை வரலாற்றைக் கற்றவர்களுக்கு டென்மார்க்கு என்னும் பெயர் புதியதன்று. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது அந்நாட்டு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையால் என்பதை நம் மாணவர்கள் முதலாண்டுத் தேர்விலேயே எழுதிவிடுகின்றனர். 1845ஆம் ஆண்டில் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினர் என்ற ஒரு வரியோடு அந்நாடு நம் பாடநூல்களினின்று மறைந்துபோகிறது. அதற்குப் பின் அம்மக்கள் என்ன ஆயினர் என்று கேட்பார் இல்லை.

ஆயினும், அந்நாட்டில் 1891ஆம் ஆண்டில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கிய முயற்சி ஒன்று, ஏறத்தாழ நூறாண்டு கழித்துக் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் வந்து நின்றது. காற்றைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் முயற்சி அது. எரிபொருளும் மின்சாரமும் பொறியியலாரின் துறையாயிற்றே, இறையியற் கல்லூரி இதழில் அவற்றுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். அம்முயற்சியைத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அப்பள்ளியின் தலைவர் இறையியல் பயின்றவர். அத்தகைய பள்ளிகள் என்னும் கருத்தோ ஓர் ஆயரின் உள்ளத்தில் பிறந்தது. ஆகவே இதனைத் திருச்சபை வரலாற்றின் ஒரு கிளையாகக் கொள்வதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

மரமும் கரிமண்ணும்

டென்மார்க்கு தாழ்ந்த, சமதளமான நாடு. அண்டை நாடுகளாகிய நார்வேக்கும் சுவீடனுக்கும் உள்ள அருவிகள் அதற்கு இல்லை. இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் உள்ள நிலக்கரிச் சுரங்கங்களும் இல்லை. பண்டைக்காலத்தில் அடர்ந்திருந்த காடுகள் கப்பல் கட்டவும் அடுப்பெரிக்கவும் வெட்டப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழியும் நிலையை எட்டின. எஞ்சிய காட்டையேனும் காக்க 1805ஆம் ஆண்டில் அரசு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

விறகு அரிதான இடங்களில் ஏழை எளியவர்க்குக் கைகொடுத்தது சதுப்பு நிலத்துக் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மக்கிய பாசியும் புல்பூண்டும் இறுகிப் பழுப்பு நிறமான மண்ணாகிக் கிடக்கும். அதைக் கோடையில் செங்கல் செங்கல்லாக வெட்டியெடுத்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, குளிர்காலம் முழுவதும் எரிப்பார்கள். புகை மிகுதி, சூடு குறைவு. நம் ஊர்ப் பெண்கள் வறட்டி தட்டிக் காயவைத்து அடுக்குவதைக் கண்டவர்களுக்கு அந்த உழைப்பு விளங்கும். 20ஆம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களிலும் நிலக்கரி வரத்து தடைப்பட்டபோது, கைவிட்ட கரிமண்ணையே டேனியர் மீண்டும் வெட்டத் தொடங்கினர்.

தானியம் அரைக்கக் காற்றாலைகளும் சிற்றோடைகளின் நீராலைகளும் இடைக்காலம் முதற்கொண்டு இருந்தன. ஆனால் காற்று பொதுவாயினும் ஆலை பொதுவாக இருக்கவில்லை. ஆலை நடத்தும் உரிமை அரசனிடமோ நிலக்கிழாரிடமோ பெற்ற சலுகை. குடியானவன் தனக்குக் குறித்த ஆலையில்தான் தன் தானியத்தைக் கொடுத்து, கூலியாக ஒரு பங்கை இழந்து, மாவு பெற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தளை அகற்றப்பட்டது. அதன் பின்னரே உழவர்கள் தத்தம் களஞ்சியக் கூரைமேல் சிறிய காற்றாலைகளைப் பொருத்திப் போரடிக்கவும் தீவனம் அரைக்கவும் பயன்படுத்தினர். யாருக்கு உரிமை என்னும் இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

தோல்வியில் பிறந்த பள்ளி

1864ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கை முறியடித்து, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லவன்பர்க் ஆகிய பகுதிகளைப் பறித்துக்கொண்டன. ஏற்கனவே சிறிதான நாடு மேலும் சுருங்கியது. ஷ்லெஸ்விக்கின் வடபகுதியில் ரோடிங் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு முதல் ஒரு மக்கள் உயர்பள்ளி நடைபெற்றுவந்தது. அவ்வகைப் பள்ளிகளில் முதன்மையானது அதுவே. அயல்நாட்டு ஆட்சியின்கீழ் அதனைத் தொடர இயலாமையால், 1865ஆம் ஆண்டில் அதன் தலைவர் லுட்விக் ஸ்ரோடர் புதிய எல்லைக்கு வடக்கே அஸ்கோவ் என்னும் சிற்றூரில் பள்ளியை மீண்டும் தொடங்கினார். எல்லை தாண்டி ஓடிவந்த ஆசிரியர்கள் ஒரு சிற்றூரில் குடியேறி நடத்திய பள்ளி என்று அதன் தொடக்கத்தைச் சொல்லலாம்.

இப்பள்ளிகளின் கருத்துத் தந்தை நிகோலாய் கிருண்ட்விக் என்னும் ஆயர். 1783 முதல் 1872 வரை வாழ்ந்த இவர், டேனியத் திருச்சபையின் தலைசிறந்த ஞானப்பாட்டாசிரியருள் ஒருவர். இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்தும் பள்ளிகளை மரணத்தின் பள்ளிகள் என்று அவர் சாடினார். உழவரின் பிள்ளைகள் தம் சொந்த மொழியில், ஆசிரியரின் வாய்மொழியாக, நாட்டின் வரலாற்றையும் பாடல்களையும் வாழ்வுக்கு வேண்டிய அறிவையும் பெற வேண்டும். அங்கே தேர்வும் பட்டமும் இருக்கலாகாது என்பது அவர் கொள்கை. மனிதனாக வாழக் கற்பது கிறிஸ்தவனாக வாழ்வதற்கு முந்தியது, அதற்கு எதிரானதன்று என்பது அவருடைய இறையியலின் அடிப்படை எனலாம்.

இது எல்லாருக்கும் உவப்பாக இருக்கவில்லை. அதே காலத்தில் வில்ஹெல்ம் பெக் என்னும் ஆயரின் தலைமையில் உள்நாட்டு அருட்பணி இயக்கம் வளர்ந்தது. பாவ உணர்வு, மனமாற்றம், விசுவாசிகளின் கூடுகை, நடனத்தையும் சீட்டாட்டத்தையும் விலக்குதல் ஆகியவற்றை அது வற்புறுத்தியது. கிருண்ட்விக்கின் வழிவந்தோர் உலகத்தோடு ஒத்துப்போகிறார்கள் என்று இவர்களும், இவர்கள் படைப்பை இகழ்கிறார்கள் என்று அவர்களும் ஒருவரையொருவர் குறைகூறினர். ஒரே ஊரில் இரு சாராரும் தனித்தனி மன்றங்கள் கட்டிக்கொண்டதும் உண்டு. ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் வழியாக நற்செய்தியைப் பெற்ற நாம் இயல்பாகவே பெக்கின் பக்கம் சாய்வோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் அச்சுக்கூடத்தையும், அதற்கென ஒரு காகித ஆலையையும் நிறுவியவர்கள் அந்தப் பக்தி இயக்கத்தாரே என்பதை மறக்கலாகாது. அந்தக் கைத்தொழில் ஆர்வம் பின்னாளில் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

போல் லா கூர்

அஸ்கோவ் பள்ளி 1878ஆம் ஆண்டில் தன் பாடத்திட்டத்தை விரிவுபடுத்திக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்க முனைந்தது. அதற்கென வந்தவர் போல் லா கூர். 1846ஆம் ஆண்டில் யூட்லாந்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். கோப்பன்ஹேகனில் புதிதாக நிறுவப்பட்ட வானிலை ஆய்வு நிலையத்தில் துணை இயக்குநராகப் பணியாற்றியவர். தந்தித் துறையில் பயன்பட்ட ஒலிச்சக்கரம் என்னும் கருவியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். தலைநகரில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்தது. அதை விட்டுத் தேர்வும் பட்டமும் இல்லாத நாட்டுப்புறப் பள்ளியில் உழவர் பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பிக்கச் சென்றார். கணிதத்தைச் சூத்திரமாகச் சொல்லிக்கொடாமல், பண்டை மக்கள் எந்தத் தேவையினால் எதனைக் கண்டறிந்தனர் என்று வரலாற்று முறையில் கற்பித்தது அவர் வழக்கம். அம்முறையில் நூல்களும் எழுதினார்.

அக்காலத்து டேனிய நாட்டுப்புறத்தின் நிலையையும் நோக்க வேண்டும். அமெரிக்கக் கோதுமையும் ருஷ்யக் கோதுமையும் ஐரோப்பியச் சந்தையில் வந்து குவிந்தமையால் தானிய விலை வீழ்ந்தது. உழவர்கள் தானியத்தை விட்டுப் பால் பண்ணைக்கு மாறினர். 1882ஆம் ஆண்டில் யூட்லாந்தின் யெடிங் என்னும் ஊரில் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. சில ஆண்டுகளிலேயே அவை நாடெங்கும் பெருகின. எத்தனை மாடு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் விதி. மக்கள் உயர்பள்ளிகளில் ஒரு குளிர்காலம் தங்கிக் கற்ற இளைஞர்கள் பலர் இக்கூட்டுறவுகளில் முன்னின்றனர்.

எனினும் நீராவி எந்திரமும் மின்விளக்கும் நகரங்களிலேயே பெருகின. இளைஞர்கள் கூலி தேடி அங்குச் சென்றனர். மின்சாரம் நகருக்கு மட்டும் உரியதானால் நாட்டுப்புறம் வெறுமையாகும் என்று லா கூர் கண்டார். நிலக்கரி வாங்க உழவரிடம் பணம் இல்லை. யூட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து ஓயாமல் வீசும் காற்றோ விலையின்றிக் கிடைத்தது. அரசு மானியம் பெற்று, 1891ஆம் ஆண்டில் அஸ்கோவ் பள்ளி வளாகத்தில் ஒரு சோதனைக் காற்றாலையை எழுப்பி, அதனோடு டைனமோவை இணைத்தார். அதற்குச் சற்று முன்னரே ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ஓரிருவர் காற்றினால் மின்சாரம் எடுத்திருந்தனர். ஆகவே உலகில் முதலாமவர் இவரே என்று கூறுவது பிழை. சிற்றூர் மக்களுக்காக அதனை முறையாக ஆராய்ந்தவர்களில் முதல்வர் என்று கூறுவதே பொருந்தும்.

இரு இடர்கள் எதிர்ப்பட்டன. முதலாவது, காற்று சீராக வீசுவதில்லை. சக்கரம் ஒரு நொடி விரைந்தும் ஒரு நொடி தளர்ந்தும் சுழன்றால் டைனமோவிலிருந்து வரும் மின்சாரமும் அவ்வாறே துள்ளும். அதற்கு அவர் கண்டது, பட்டையையும் எடையையும் கொண்டு விசையைச் சமப்படுத்தும் எளிய ஏற்பாடு. கிராட்டோஸ்டாட் என்று அதற்குப் பெயரிட்டார். நாட்டுப்புறக் கொல்லன் செய்து பழுதுபார்க்கத்தக்க கருவி அது.

இரண்டாம் இடர் பெரிது. காற்று வீசாத நாளில் என்ன செய்வது? ஆலை சுழலும்போது கிடைக்கும் மின்சாரத்தை நீரினுள் செலுத்தி, நீரை ஹைட்ரஜன், பிராணவாயு என்று இரண்டாகப் பிரித்து, வாயுவைத் தொட்டிகளில் சேமித்தார். இதற்கு இத்தாலியப் பேராசிரியர் பொம்பேயோ கருட்டியின் முறை துணைசெய்தது. 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளியின் விளக்குகள் அந்த வாயுவினால் எரிந்தன. காற்று ஓய்ந்த மாலைகளிலும், முன்பு வீசிய காற்றைக்கொண்டே மாணவர்கள் படித்தனர். ஆபத்தும் இல்லாமலில்லை. ஹைட்ரஜனோடு சிறிதளவு பிராணவாயு கலந்துவிட்டமையால் வெடிப்புகள் நேர்ந்து, பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளைப் பல முறை மாற்ற வேண்டியதாயிற்று. தலைவர் ஸ்ரோடரின் பொறுமையை நாம் வியக்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவர் சன்னலை ஒரு முறை உடைத்தாலே ஆட்சிக்குழு கூடிவிடும்.

1897ஆம் ஆண்டில் இன்னும் பெரிய ஆலை கட்டப்பட்டது. அத்துடன், காற்றைக் குழாயினுள் செலுத்திச் சிறு மாதிரிச் சிறகுகளின்மேல் மோதவைத்துச் சோதனைகள் நடத்தினார். மின்சாரம் எடுப்பதற்குப் பல சிறகுகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில சிறகுகள் விரைந்து சுழல்வதே மேல் என்பது அவர் கண்ட முடிவு. முடிவுகளை மறைத்து வைக்காமல் 1900இலும் 1903இலும் நூல்களாக வெளியிட்டார். 1902 முதல் அஸ்கோவ் ஆலை, மின்கலங்களின் துணையோடு ஊருக்கே மின்சாரம் வழங்கும் நிலையமாயிற்று. 1903ஆம் ஆண்டில் டேனியக் காற்று மின்சாரச் சங்கம் நிறுவப்பட்டது. சிற்றூர்களுக்குச் சென்று ஆலை அமைப்பது எப்படி, கம்பி இழுப்பது எப்படி, எவ்வளவு செலவாகும் என்று வழிகாட்டுவது அதன் பணி. 1904 முதல் நாட்டுப்புற மின்பணியாளர்க்கு அஸ்கோவில் பயிற்சி வகுப்பும் தொடங்கியது.

ஆலையைக் கண்டுபிடித்ததைக் காட்டிலும் இவ்வகுப்பைத் தொடங்கியதே அவருடைய பெரும்பணி என்று நான் கருதுகிறேன். எந்திரம் ஊருக்கு வந்தபோது அதை அறிந்த ஆளும் அவ்வூரிலேயே இருந்தான்.

1908ஆம் ஆண்டில் லா கூர் இறந்தார். முதல் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஏறத்தாழ 120 உள்ளூர் மின்நிலையங்களில் காற்றாலை இருந்தது. ஒவ்வொன்றும் 20 முதல் 35 கிலோவாட் ஆற்றலுடையது. எல்லாம் சேர்ந்து சுமார் 3 மெகாவாட். நாட்டின் மின்தேவையில் அது 3 விழுக்காடே. பின்னர் பெரிய நிலையங்களிலிருந்து மாறுமின்சாரம் நெடுந்தொலைவுக் கம்பிகளில் வந்தபோது இச்சிறு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அஸ்கோவின் ஆலையும் 1929ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று.

மாணவர் கையில்

அந்த மின்பணியாளர் வகுப்பில் பயின்றவர்களுள் யோஹன்னஸ் யூல் என்னும் பதினேழு வயது இளைஞர் ஒருவர். பின்னர் ஒரு மின்வழங்கு நிறுவனத்தில் பணிபுரிந்து, ஓய்வு நெருங்கும் வயதில், தம் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். 1957ஆம் ஆண்டில் நாட்டின் தென்கோடியிலுள்ள கெட்சரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை இயக்கினார். மூன்று சிறகுகள், மாறுமின்சாரத்தை நேரே பொது மின்தொடரில் சேர்க்கும் அமைப்பு, புயலில் சக்கரம் கட்டுமீறிச் சுழன்றால் சிறகு நுனிகள் தாமே திரும்பித் தடுக்கும் ஏற்பாடு. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பெரும்பழுது இன்றி அது சுழன்றது. ஆனால் அது அரபு நாட்டு எண்ணெய் தண்ணீர்போல் மலிவாக இருந்த காலம். கணக்குப் பார்த்தவர்கள் காற்று கட்டுபடியாகாது என்றனர். 1967இல் ஆலை நிறுத்தப்பட்டது. இரண்டாண்டில் யூலும் மறைந்தார்.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதே தடைசெய்யப்பட்டது. அரசும் மின்நிறுவனங்களும் அணுசக்தியை நாடின. மக்களில் பலர் அதை ஏற்கவில்லை. நெடிய விவாதத்துக்குப் பின் 1985ஆம் ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் அணுசக்தியைத் திட்டத்தினின்று நீக்கியது. அந்த விவாதம் ஊர் மன்றங்களிலும் மக்கள் உயர்பள்ளிகளிலும் நடந்தது என்பது நம் கவனத்துக்கு உரியது.

இதற்கிடையே கிறிஸ்டியன் ரீசேகர் என்னும் தச்சர் கெட்சர் ஆலையை முன்மாதிரியாகக்கொண்டு தம் வீட்டருகே 22 கிலோவாட் ஆலை ஒன்றைச் செய்து, 1976இல் மின்தொடரோடு இணைத்தார். ட்விண்ட் என்னும் இடத்தில் ஆசிரியரும் மாணவரும் தொண்டரும் சேர்ந்து தம் கையாலேயே ஒரு பேராலையைக் கட்டி 1978இல் இயக்கினர். அதே ஆண்டு ஆலை உடைமையாளர் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் இதழ் எந்த ஆலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எது பழுதாயிற்று என்பதைத் திங்கள்தோறும் அச்சிட்டது. தோல்வியையும் வெளிப்படையாக எழுதியதால் அடுத்தவன் அதே பிழையைச் செய்யவில்லை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெரும் விமான நிறுவனங்களும் அரசுப் பணமும் சேர்ந்து கட்டிய மாபெரும் ஆலைகள் சில ஆண்டுகளில் செயலிழந்து நிற்க, டேனியத் தச்சரும் கொல்லரும் படிப்படியாக வளர்த்த ஆலைகள் நிலைத்தன.

அவற்றில் பலவும் கூட்டுறவின் உடைமை. பாற்பண்ணையில் பழகிய முறையே இங்கும். பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆலை வாங்கும். தொடக்க ஆண்டுகளில் அண்மையில் குடியிருப்பவரே பங்கு வாங்கலாம் என்றும், ஒருவர் இவ்வளவுக்கு மேல் வாங்கலாகாது என்றும் வரம்பு இருந்தது. ஆலையின் இரைச்சலைக் கேட்பவனுக்கே அதன் வருவாயும் என்பது இதன் உட்பொருள். 2000ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் கடற்கரைக்கு அப்பால் மிடல்குருண்டனில் நிறுவிய 20 ஆலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுக்கு உரியது. எனினும் டென்மார்க்கைப் பொன்னுலகமாகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. வரம்புகள் தளர்த்தப்பட்டதும் பெருமுதல் நுழைந்தது. ஆலைகளும் வானளாவ வளர்ந்தன. ஊரார் எதிர்ப்பும் கிளம்பியது. புதிய ஆலையின் பங்கில் ஐந்தில் ஒன்றையேனும் அருகில் வாழ்வோருக்கு விற்க முன்வர வேண்டும் என்று 2009இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றினால் கிடைக்கிறது.

ஆரல்வாய்மொழி

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியுமிடத்தில் உள்ள இடைவெளி ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அவ்விடைவெளியில் நெருக்குண்டு பாய்கிறது. 1752ஆம் ஆண்டில் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட மலைக்குக் காற்றாடிமலை என்றே பெயர். அவ்வூரார் காற்றை அறியாதவர்கள் அல்லர். களத்தில் நெல் தூற்றவும், அப்பால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டவும் அதை நம்பி வாழ்ந்தவர்கள் இப்பகுதி மக்கள். கோப்பன்ஹேகனில் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற ரிங்கல்தௌபே, 1806ஆம் ஆண்டு இக்கணவாய் வழியாகவே திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடிக்குச் சென்றார். டென்மார்க்கிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஒரு பாதை அன்றே இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணை 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் ஆலைகளோடு அமைந்தது. அதை அடுத்துக் கயத்தாற்றில் 6 மெகாவாட்டும், கணவாயருகே முப்பந்தலில் 4 மெகாவாட்டும் கொண்ட பண்ணைகள் டேனிய அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமாகிய டானிடாவின் துணையால் எழுந்தன. அஸ்கோவிலும் கெட்சரிலும் வளர்ந்த வடிவம் இவ்வாறு இங்கு வந்தது. 1990களில் மத்திய அரசு காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள இடமளித்தது. நூற்பாலைகளும் பிற தொழில் நிறுவனங்களும் விரைந்து வந்தன. பின்னாளில் தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்தது. பல ஆண்டுகள் இந்தியாவிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான். இது சிறிய சாதனை அன்று. நிலக்கரிப் புகையில்லாத அந்த மின்சாரத்தின் பயனை நாம் எல்லாரும் துய்க்கிறோம்.

ஆனால் எந்திரம் வந்ததே தவிர, அதனோடு பிறந்த பள்ளி வரவில்லை, கூட்டுறவும் வரவில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. நாம் என்று சொல்லும்போது என்னையே முதலில் குறிப்பிடுகிறேன்.

1990களின் இறுதியில், குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், அக்கணவாய்க்குக் கிழக்கே ஒரு சேகரத்தில் ஊழியம் செய்தேன். பனையும் மானாவாரிப் பயிரும் உள்ள வறண்ட நிலம். தரகர்கள் வந்து ஏக்கர் ஏக்கராக வாங்கிக்கொண்டிருந்தனர். யாருக்காக வாங்குகிறார்கள் என்பது விற்றவர்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்திடும்போதுதான் ஏதோ ஒரு வெளியூர் நிறுவனத்தின் பெயரைக் கண்டனர். பெந்தெகொஸ்தே திருநாள் காற்றுக்காலம் தொடங்கும் வேளையில் வருவது. ஆலயத்தின் சன்னல் வழியாகச் சுழலும் சிறகுகள் தெரிந்தன. எபிரெய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ரூவாக் என்ற ஒரே சொல் என்பதை எடுத்துச் சொல்லி, நிக்கொதேமுவோடு ஆண்டவர் பேசியதையும் இணைத்து அன்று நீண்ட அருளுரை ஆற்றினேன். நன்றாக அமைந்தது என்று எனக்கே ஒரு நிறைவு.

வாசலில் கைகுலுக்கும்போது முதியவர் ஒருவர், பனையேறிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், "ஐயா, ஆவியானவரப் பத்தி நல்லா சொன்னீக. இந்தக் காத்த எவன் வாங்கியிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தம் நிலத்தை விற்பதா வேண்டாமா என்று அறிய விரும்பி, படித்தவனாகிய என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குத்தகைக்கு விடலாமா, வருவாயில் பங்கு கேட்கலாமா, நாலு பேர் சேர்ந்து பேரம் பேசலாமா என்பவையெல்லாம் என் நினைவுக்கே வரவில்லை. நான்கு ஆண்டு இறையியற் கல்வியில் கிருண்ட்விக்கின் பெயரை ஞானப்பாட்டு வரலாற்றில் ஒரு முறை எழுதியிருந்தேன், அவ்வளவே. ஜெபித்து முடிவெடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டுகளில், காற்று மிகுந்த மாதங்களில் மின்தொடர் தாங்காது என்று ஆலைகளை நிறுத்தி வைத்ததும் உண்டு. காற்று இருக்கும்போது மிகுதி, இல்லாதபோது பஞ்சம் என்னும் லா கூரின் பழைய இடர் நூறாண்டு கழித்தும் தீரவில்லை. இப்போது அதற்கு அவர் கண்ட வழியையே மீண்டும் நாடுகின்றனர். இந்திய அரசு 2023இல் தொடங்கிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தில், காற்றாலும் வெயிலாலும் கிடைக்கும் மின்சாரத்தைக்கொண்டு நீரைப் பிரித்து வாயுவாகச் சேமிக்க எண்ணுகின்றனர். தூத்துக்குடித் துறைமுகம் அதன் மையங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. அங்கும் நிலம் வேண்டும், நீர் வேண்டும், பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். அச்சுற்றுவட்டாரத்தில் நம் சேகரங்கள் இருக்கின்றன. நம் பள்ளிகளும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அச்சேகரத்துக்கு ஒரு திருமண ஆராதனைக்காகச் சென்றிருந்தேன். அந்த முதியவர் இறந்துவிட்டார். நிலத்தை விற்ற பணம் இளைய மகளின் திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் சரியாகப் போயிற்று என்று அவர் மகன் சொன்னார். அவர் நிலத்தில் நின்ற சிறிய ஆலையை அகற்றிவிட்டு அதனினும் பெரியதொன்றை நிறுவியிருக்கிறார்கள். மகன் அங்கே இரவுக் காவலராக வேலை பார்க்கிறார். சம்பளம் தருவது யார் என்று கேட்டேன். ஒப்பந்தக்காரர் என்றார். ஆலை யாருடையது என்று கேட்டேன். முன்பு ஒருவருடையதாக இருந்தது, இப்போது கைமாறிவிட்டது, பெயர்ப்பலகை இன்னும் மாற்றவில்லை என்றார்.